முகமூடி செய்தவள் எங்கே?

குழந்தைகள் நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அது மேடையேறிய பிறகே எழுதுகிறார்கள். கதை, நடிப்பு, பாட்டு என்று மதிப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். நாடகத்தின் அரசியலை வாசிக்க ஒத்திகை நடக்கும் இடமே சரியானது என்று நான் நினைக்கிறேன். யார் கையில் கத்தரிக்கோல், யார் வாயில் வசனம் என்பது அங்கேதான் முடிவாகிறது.

முயல் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்தும் கதையை எங்கள் தெருப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் நாடகமாக்கினார்கள். சிங்க முகத்தைச் செய்தவர்கள் சிறுமிகள். ஊதிய பலூன்மீது செய்தித்தாள் கிழிசல்களை மைதாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினார்கள். காய்ந்ததும் தேங்காய் நாரில் பிடரி வைத்தார்கள். கிணற்று நீருக்கு ஓர் அம்மாவின் பழைய நீலச் சேலை வந்தது. வேலை முடிந்ததும் சிங்க முகம் ஒரு சிறுவனின் தலையில் ஏறியது. முயலும் பையன்தான். செய்த சிறுமிகள் மரமாகவும் செடியாகவும் பின்வரிசையில் நின்றார்கள். இசையிலும் அதே பங்கீடு: தகர டப்பாவும் குச்சியும் பையன்களுக்கு, புளியங்கொட்டை போட்ட பாட்டிலும் கூட்டுப் பாட்டும் சிறுமிகளுக்கு. யாரும் கட்டளையிடவில்லை, யாருக்கும் உறுத்தவும் இல்லை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட நம் நாடக வரலாறு விடாது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே கட்டினார்கள். பையன் பெண்ணாக நடிக்கப் பயிற்சி இருந்தது; பெண் பிள்ளை பெண்ணாக நடிக்கக்கூட அங்கே இடமில்லை. பெண்களால் ஆகாது என்பதல்ல காரணம். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்கள் நாடகக் குழுவை நடத்தியிருக்கிறார். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். இன்று திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடித்து ஆடுகிறார்கள்.

"எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்கா!" என்று சிறுமியின் கைவேலையை மெச்சுகிறோம். பொறுமை அவளுக்கு, உறுமல் அவனுக்கு என்று பிரித்துவிட்டே அப்படி மெச்சுகிறோம். செய்வது தாழ்ந்த வேலையல்ல. அது ஓர் அறிவு. எங்கள் சிங்க முகத்தின் கண் துளைகள் ஒரு சிறுமியின் முகத்தில் அளவெடுத்தவை. அதைப் போட்ட பையனுக்குப் பாதை தெரியாமல் இரண்டு முறை கிணற்றில் இடித்துக்கொண்டான். பிறகு அவளைப் போடச் சொன்னோம். முதலில் சன்னமாக உறுமினாள். "உள்ள சத்தம் முழங்குது மிஸ்" என்றாள். அடுத்த உறுமலில் முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

அவளிடமிருந்து பசையைப் பிடுங்க வேண்டியதில்லை. முகமூடி போடுகிற பையனும் உட்கார்ந்து காகிதம் கிழிக்கட்டும். டப்பாவும் பாட்டிலும் நாளுக்கு நாள் கை மாறட்டும். அழைப்பிதழில் இயக்குநரின் பெயருக்குக் கீழே முகமூடி செய்தவளின் பெயரும் சேலை கொடுத்த அம்மாவின் பெயரும் வரட்டும். அம்மாவின் பெயர் என்றால் 'இன்னாருடைய அம்மா' அல்ல, அவருடைய சொந்தப் பெயர்.