கண்ணை மாற்றச் சொன்ன பதிப்பு

நாவலின் புதுப் பதிப்பைப் படிக்க வேண்டுமானால் முதலில் கண்ணை மாற்றிக்கொண்டு வா என்று பதிப்பாளர் சொன்னால் எப்படியிருக்கும்? விண்டோஸ் 11 அப்படித்தான் சொல்லிற்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. புதியதற்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். கச்சிராயபாளையத்தில் நான் கதை எழுதும் மடிக்கணினியில் அது இல்லை. மற்றபடி அதற்கு ஒரு நோயும் கிடையாது.

விலையில்லாத லினக்ஸுக்கு மாறினேன். போட்டுக் கொடுத்தவன் அடுத்த வீட்டுப் பையன். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே கிடைத்தது. "இதை எவன் சார் தொடுவான்?" என்று அன்று அழித்தவன்தான். அரசு கொடுத்ததை உதறினோம். கம்பெனி விரட்டியதும் தேடுகிறோம்.

குறை இல்லாமலில்லை. பழைய எழுத்துருவில் அடித்த என் நாவல் அதில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தது, வயிறு கலங்கிவிட்டது. எழுத்துருவைத் தேடிப் போட்டபின் தமிழாயிற்று. பதினோராம் அத்தியாயத்தை நேற்று அதில்தான் முடித்தேன்.