மருத்துவச் சுருக்கக் குறிகள்: மனப்பாடம் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டிலுள்ள மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயரை அடுத்து பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று ஏதேனும் ஒரு குறி இருக்கக்கூடும். செவிலியர் பயிற்சிக்கும் மருந்தாளுநர் பட்டயத்துக்கும் படிக்கும் மாணவர்கள் இத்தகைய குறிகளை ஏராளமாகக் கற்க வேண்டியுள்ளது. இதற்கென விற்கும் வழிகாட்டி நூல்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்புறம் குறி, வலப்புறம் பொருள், கடைசியில் வினா-விடை. இம்முறை தேர்வுக்கு உதவும். நோயாளிக்கு உதவுமா என்பதே நம் கேள்வி.

வேர் தெரியாத பட்டியல்

முதற்குறை, இக்குறிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது. இவற்றில் பெரும்பாலானவை லத்தீன் மொழிச் சொற்களின் முதலெழுத்துகள். 'பிஸ்' என்றால் இருமுறை, 'டெர்' என்றால் மும்முறை, 'குவாட்டர்' நான்குமுறை. 'ஆன்ட்டே' முன், 'போஸ்ட்' பின், 'சிபும்' உணவு. இந்த ஆறு சொற்களை அறிந்தால் பி.ஐ.டி., டி.ஐ.டி., கியூ.ஐ.டி., ஏ.சி., பி.சி. ஆகிய ஐந்தும் தாமே விளங்கும். எஸ்.ஓ.எஸ். என்பதைக் கப்பல்களின் அபாயக்குறி என்றே பலர் நினைக்கிறார்கள். மருந்துச் சீட்டில் அது 'தேவைப்பட்டால் மட்டும்' எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம்.

ஒரு குறி, இரு பொருள்

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஒவ்வொரு குறிக்கும் ஒரே பொருள்தான் உண்டு என்ற எண்ணத்தை இந்நூல்கள் ஊட்டிவிடுகின்றன. ஓ.டி. என்பது நம் நாட்டில் 'நாளுக்கு ஒருமுறை'. அமெரிக்க நூல்களிலோ அது 'வலக்கண்'. அந்நாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்து அச்சிட்டால் தமிழ் மாணவன் எதை நம்புவான்? வாய்வழி கொடுக்க வேண்டிய திரவ மருந்து, இக்குழப்பத்தால் கண்ணில் விடப்பட்ட நிகழ்ச்சிகள் உண்டு. ஹெச்.எஸ். என்பதும் அப்படியே. 'உறங்கும் வேளையில்' என்று ஒருவர் எழுதியதை, 'பாதி வீரியம்' என்று மற்றொருவர் படிக்கலாம்.

எழுதக் கூடாதவை

மூன்றாவது குறை உயிரோடு விளையாடுவது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் 'பயன்படுத்தக் கூடாதவை' என ஒரு சிறு பட்டியல் வெளியிட்டது. 'யூனிட்' என்பதற்கு வெறும் 'யூ' எழுதுவது அதில் ஒன்று. அவ்வெழுத்தின் வாய் சற்று மூடிக்கொண்டால் சுழியம் போலத் தோன்றும்; 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறைந்து நோயாளி நினைவிழக்கலாம், உயிரும் போகலாம்.

புள்ளியும் அப்படியே. 5 மில்லிகிராமை 5.0 என எழுதினால், புள்ளி மங்கும்போது 50 ஆகிறது. முன்னால் சுழியமின்றி .5 என எழுதினால் 5 ஆகிறது. இரண்டிலும் பத்து மடங்கு! எம்.எஸ். என்பது வலிநீக்கியான மார்ஃபின் சல்பேட்டா, மக்னீசியம் சல்பேட்டா? இரண்டும் முற்றிலும் வேறான மருந்துகள். இத்தகைய குறிகளை எச்சரிக்கை ஏதுமின்றி மற்றவற்றோடு வரிசையில் நிறுத்துவது பொறுப்பான செயலாகாது.

தேர்வில் கேட்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமே. பழைய சீட்டுகளும் குறிப்பேடுகளும் இக்குறிகளால் நிறைந்தவை. அவற்றைப் படிக்கத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் படிக்கத் தெரிவது வேறு, எழுதுவது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு நூல் சொல்லித்தர வேண்டும். வலப்புறம் இன்னும் ஒரு பத்தி சேர்த்து, 'எதனோடு குழம்பும்? எழுதலாமா?' என்று குறித்தாலே போதும். விலை ஏறிவிடாது.

அத்தகைய நூல் கிடைக்கும்வரை அந்தப் பத்தியை உங்கள் குறிப்பேட்டில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். பணிக்குச் சென்றபின் ஐயம் எழுந்தால் ஊகிக்காதீர்கள், எழுதியவரிடமே கேளுங்கள். நீங்கள் எழுதும்போது 'நாளுக்கு ஒருமுறை' என முழுமையாக எழுதுங்கள். தேர்வில் ஒரு விடை தவறினால் ஒரு மதிப்பெண்தான் போகும், மருந்தறையில் அப்படியல்ல.