கட்டப்படாத கப்பல்களும் கட்டப்பட்டவையும்

ஆக்கியோனுக்கு விதிக்கப்பட்ட எல்லையை அறியாது அவன் ஆக்கத்திற் குற்றங் காண்டல் திறனாய்வாகாது. இவ்விதி செய்யுளுக்கு மட்டுமன்றிக் கப்பற் கலைக்கும் பொருந்துவதே. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியா கட்டிய பெருங்குரூசர்களைக் குறைகூறி, அவற்றினுஞ் சிறந்தனவற்றைத் தாளில் வரைந்து காட்டுதல், கடற்படை வரலாற்றில் ஈடுபாடுடையோர் பலர் விரும்பிச் செய்யும் பயிற்சியாகும். ‘இவ்வாறு கட்டியிருப்பின்’ என்று தொடங்கும் அவ்வரைவுகளிற் சில நுண்ணியன. பல, கணக்கில் நேர்மையற்றன.

கடலைக் காணாத சபரகமுவை மலைச் சரிவுகளுக்கும் இக்கப்பல்களுக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு சிறிதன்று. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் தேயிலையும், புகைக்கூடத்தில் உலர்த்திய இறப்பர் ஷீட்டுகளும் கொழும்புத் துறையை அடைந்து கடல்வழி சென்றால்தான் அங்குள்ளார்க்குக் கூலி. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை அச்சரக்கைத் துறைமுகம் வரையிற் கொணர்ந்தது. அதற்கப்பாலுள்ள நெடுவழியைக் காப்பது குரூசரின் கடமை. கொழும்பிலிருந்து ஏடன் வரையிலும், அதற்கப்பாலும், துணையின்றி நெடுந்தூரம் ஓடவல்ல கப்பலே பிரித்தானியாவுக்கு வேண்டியிருந்தது. இந்நோக்கத்தை மறந்து அதன் கவசத்தை மட்டும் அளப்பவர், ஏரைப் பார்த்து வாளன்று எனக் குறைகூறுவாரை ஒப்பர்.

எல்லை வகுத்தது 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் ஒப்பந்தம். குரூசர் ஒன்றின் எடை 10,000 தொன்னையும், பீரங்கியின் வாய் 8 அங்குலத்தையும் மிகலாகாது என்றது அது. எரியெண்ணெய் அவ்வெடையிற் சேராது. தோட்டத்து லயத்தில் 10 அடிக்கு 12 அடி அறையொன்றிற் குடித்தனம் நடத்தியவர்க்கு இவ்விடர்ப்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. கட்டிலைப் பெருக்கினால் அடுப்புக்கு இடமில்லை. விறகை உள்ளே அடுக்கினாற் பிள்ளைகள் படுக்க இடமில்லை. கப்பலிலும் அவ்வாறே, கவசத்துக்குக் கொடுத்த எடையைப் பொறியிலோ பீரங்கியிலோ மீட்டாக வேண்டும். கற்பனை வரைவாளரிற் பெரும்பாலோர் இவ்விடத்தேதான் வழுவுகின்றனர். தடித்த கவசம், ஒன்பது பீரங்கி, 33 கடல்மைல் வேகம், நெடுந்தூர ஓட்டம் ஆகிய அனைத்தையும் சேர்த்துவிட்டு 10,000 தொன் என்று அடியில் எழுதிவிடுகின்றனர். யப்பானின் மியோக்கோ வகையும் இத்தாலியின் சாரா வகையும் அவ்வெல்லையைத் தாண்டியே கட்டப்பட்டவை என்பதை இவ்விடத்து நினைத்தல் தகும்.

டெயின்கோர்ட் என்னுந் தலைமை வரைவாளர் காலத்தில் உருவான கென்ற் வகைக் கப்பல்கள் எல்லைக்குட்பட்டே நின்றன. எட்டுப் பீரங்கிகள், மூன்று நெடிய புகைபோக்கிகள், நீர்மட்டத்தின்மேல் உயர்ந்த பக்கங்கள், மணிக்கு 31.5 கடல்மைல் வேகம். விட்டுக்கொடுக்கப்பட்டது கவசமே. வெடிமருந்தறைகளைச் சூழ 4 அங்குலம் வரையிலும், பொறியறைப் பக்கங்களில் ஏறத்தாழ 1 அங்குலமுமே தகடு இருந்தது. இவ்விட்டுக்கொடுப்பு அறிந்து செய்ததாகலின் அதனைப் பிழை என்னலாகாது. உண்மையான பிழை வேறிடத்துள்ளது. அதனைக் கற்பனை வரைவாளர் அரிதாகவே சுட்டுவர்.

அது பீரங்கிக் கூண்டைப் பற்றியது. 8 அங்குலப் பீரங்கியே வானூர்தியையுஞ் சுடவேண்டுமென்று கருதி, அதனை 70 பாகை வரை நிமிர்த்தத்தக்கதாக அமைத்தனர். வானிலிருந்து வருந் தீங்கை அக்காலத்தார் எண்ணவேயில்லை என்பார் கூற்று இதனாற் பொய்யாகின்றது. எண்ணினர், ஆயினும் தவறான விடையைக் கண்டனர். அத்துணைப் பெரிய பீரங்கி விரைந்தோடும் வானூர்தியைத் தொடர்ந்து திரும்பவும், அடுத்தடுத்துச் சுடவும் வல்லதன்று. சிக்கலும் எடையும் மிகுந்தன; பயன் எய்தவில்லை. பின்னர் எக்சிற்றர் கப்பலில் அக்கோணம் 50 பாகையாகக் குறைக்கப்பட்டது. கற்பனை வரைவொன்று கற்பிக்கத்தக்க பாடம் இருக்குமாயின், அக்கூண்டை எளிதாக்கி, மிஞ்சிய எடையைச் சிறு வானெதிர்ப் பீரங்கிகளுக்கு அளிப்பதே அது.

கடற்படையார் தாமே வரைந்து, கட்டாமல் விட்ட கப்பல்களும் உண்டு. சரே, நோதம்பலண்ட் என்னும் அவ்விரண்டும் வேகத்தை ஏறத்தாழ 30 கடல்மைலாகத் தாழ்த்திக் கவசத்தைப் பெருக்கின. பெற்றது இது, இழந்தது இது என வெளிப்படக் கூறிய நேர்மையான வரைவுகள் அவை. 1930 தொடக்கத்தில் அவை கைவிடப்பட்டன. அவ்வாண்டே இலண்டன் ஒப்பந்தம் பிரித்தானியாவுக்கு 8 அங்குலக் குரூசர் பதினைந்துக்கு மேலாகாது என்றது. கென்ற் வழிவந்த பதின்மூன்றும் யோர்க், எக்சிற்றர் இரண்டுமாகத் தொகை அப்போதே நிரம்பிவிட்டது.

1942 பெப்ரவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவை இழந்த நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பரின் தலையாய ஊற்று இலங்கையே ஆயிற்று. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் எனப் பால்வெட்டு முடுக்கப்பட்ட காலம் அது. ஏப்பிரல் 5ஆந் தேதி, கொழும்பின்மேற் குண்டு விழுந்த அதே ஞாயிறு நண்பகலுக்குப் பின், இலங்கைக்குத் தென்மேற்கே கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் இரு பெருங்குரூசர்களையும் யப்பானிய வானூர்திகள் 53 தாக்கின. முந்திய ஆண்டிற் பிஸ்மார்க்கின்மேல் இறுதி டோர்ப்பிடோ விட்ட டோர்செற்சயர் சில நிமிடங்களில் மூழ்கியது. கோர்ன்வாலும் உடன் தொடர்ந்தது. மாண்டோர் 424 பேர். மறுநாள்வரை கடலில் மிதந்து மீட்கப்பட்டோர் 1,122 பேர்.

தடித்த கவசம் இவர்களைக் காத்திருக்குமா? கோர்ன்வாலுக்கு 1930களின் நடுவே எஞ்சிய எடையைக் கொண்டு பொறியறைப் பக்கங்களில் 4.5 அங்குலக் கவசம் சேர்க்கப்பட்டிருந்தது. குண்டு பக்கத்திலிருந்து வரவில்லை, தலைக்குமேலிருந்து விழுந்தது. மேற்றளத்திற் கவசத்தைக் குவித்தாற் கப்பலின் எடை உயரத்தே ஏறி அதன் நிலைபேறு குலையும். அன்று அவ்விரு கப்பல்களுக்கும் மேலே காவலாகப் பறந்த வானூர்தி ஒன்றுமில்லை என்பதை எவ்வரைபடத்தாலும் ஈடுசெய்ய இயலாது. டோர்செற்சயர் கொழும்புக்கு வந்திருந்த காரணங்களுள் ஒன்று, புதிய வானெதிர்ப் பீரங்கிகளைப் பொருத்திக்கொள்வது. அழைப்பு வந்தமையால் அவ்வேலை நிறுத்தப்பட்டு, கப்பல் ஏப்பிரல் 4 இரவே கடலேறியது.