விசைப்பலகைக்கு அப்பால்: மூவரைக் காட்டி, கோடிப் பேரை மறந்த படம்

விஞ்ஞானம் ஒரு கருவியை மனிதன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. அதன்பின் எழும் சச்சரவுகளுக்கெல்லாம் நீதிமன்றந்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. அப்படி விடை தேடிய ஒரு வழக்கைப் பற்றிய ஆவணப்படம் 'டி.பி.பி. ஏ.எஃப்.கே.' சுவீடன் நாட்டு இயக்குநர் சைமன் குளோஸ் எடுத்தது. 2013 பிப்ரவரி 8 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 80 நிமிடம் ஓடுகிறது.

தலைப்பின் முதல் மூன்று எழுத்துகள் 'தி பைரேட் பே' என்ற இணையதளத்தைக் குறிக்கும். மற்ற மூன்றும் 'விசைப்பலகைக்கு அப்பால்' என்ற பொருள் தருவன. நேரில் எப்போது சந்தித்தீர்கள் என்று பொருள்பட, 'நிஜ வாழ்க்கையில்' என்ற சொல்லைப் போட்டு நீதிமன்றத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இணையமும் நிஜந்தான், ஆகவே நாங்கள் 'விசைப்பலகைக்கு அப்பால்' என்றுதான் சொல்வோம் என்று விடை வருகிறது. படத்தின் சாரமே இந்தச் சிறு உரையாடலில் அடங்கியிருக்கிறது.

வழக்கைப் புரிந்துகொள்ள டோரண்ட் முறையைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க இளைஞர் இதை உருவாக்கினார். ஒரு பெரிய கோப்பை ஒரே இடத்திலிருந்து எல்லோரும் இழுத்தால் அந்த இடம் திணறிப்போகும். ஆகவே கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே தமக்கு வேண்டிய மறு துண்டை இன்னொருவரிடம் வாங்கிக்கொள்கிறார். பந்தியில் உண்பவரே பரிமாறுபவராகவும் இருப்பது போன்ற ஏற்பாடு இது. பைரேட் பே தளத்தில் திரைப்படம் எதுவும் கிடையாது. யார் யாரிடம் துண்டுகள் உள்ளன என்று கண்டறிய உதவும் குறிப்புகள் மட்டுமே அங்கு இருந்தன.

2006 மே 31 அன்று சுவீடன் காவல் துறையினர் அந்தத் தளத்தின் கணிப்பொறிகளைக் கைப்பற்றினர். மூன்றே நாட்களில் தளம் மீண்டும் எழுந்துவிட்டது. வழக்கு விசாரணை 2009 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. படி எடுக்க உதவியதான குற்றச்சாட்டு இரண்டாம் நாளே கைவிடப்பட்டது. பிறர் பெறும்படி கிடைக்கச் செய்ய உதவினர் என்ற குற்றச்சாட்டு மட்டும் நின்றது. ஏப்ரல் 17 அன்று நால்வருக்கும் ஓராண்டுச் சிறையும், ஏறத்தாழ 3 கோடி குரோனர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. 2010 நவம்பரில் மேல்முறையீட்டு மன்றம் மூவரின் சிறைக்காலத்தைக் குறைத்து, இழப்பீட்டை 4 கோடியே 60 இலட்சமாக உயர்த்தியது.

தளத்தை நடத்திய பிரெடரிக் நெய், கோட்ஃபிரிட் ஸ்வார்ட்ஹோல்ம், பீட்டர் சுண்டே ஆகிய மூவரின் பின்னால்தான் காமிரா செல்கிறது. இயக்குநர் அவர்களைத் தியாகிகளாக்கவில்லை, கயவர்களாக்கவும் இல்லை. அவர்களது கூர்மையும் அசட்டுத்தனமும், உறுதியும் பொறுப்பின்மையும் ஒருங்கே தெரிகின்றன. சட்டத்தின் மொழியும் பொறியியலின் மொழியும் ஒன்றுக்கொன்று புரியாமல் மோதிக்கொள்ளும் நீதிமன்றக் காட்சிகள் படத்தின் சிறந்த பகுதி. நேர்மையான படம் என்று தயங்காமல் சொல்லலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பந்தியில் அமர்ந்திருந்த கோடிக்கணக்கான மக்களைப் படம் மறந்துவிட்டது. டோரண்டில் துண்டு கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் இணைய முகவரி தெரிந்தாலன்றிப் பரிமாற்றம் நடவாது. அதாவது, இருட்டறையில் தனியாக நடப்பதாக நாம் எண்ணும் செயல் உண்மையில் நடுத்தெருவில் நடக்கிறது. கூட்டத்தில் ஒருவராக நுழைந்து முகவரிகளைக் குறித்துக்கொள்ள யாராலும் முடியும்.

தீர்ப்புக்குப் பதினாறு நாள் முன்பு, 2009 ஏப்ரல் 1 அன்று, சுவீடனில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்ற ஆணை பெற்றால், ஒரு முகவரிக்குப் பின்னால் உள்ள சந்தாதாரரின் பெயரை இணைய நிறுவனத்திடமிருந்து பதிப்புரிமையாளர் கேட்டுப் பெறலாம் என்றது அது. உடனே அந்நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கு பேருக்குக் கிடைத்த சிறைத் தண்டனையைக் காட்டிலும் இந்தச் சட்டமே சாதாரண மக்களின் வீட்டுக் கதவைத் தட்டியது. முகவரி ஓர் இணைப்பைக் காட்டுமே ஒழிய ஆளைக் காட்டாது. வீட்டில் ஐவரும் விடுதியில் ஐம்பது பேரும் ஒரே இணைப்பைப் பயன்படுத்தலாம். நமது மடக்கைபேசி இணைப்புகளிலோ முன்பின் அறியாத பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. படத்தில் அழுத்தமாக எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது.

இன்னொரு குறையும் உண்டு. பட நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பேசுகின்றனர். ஆனால் திருட்டுப் படியால் கூலி குறையும் சிறு தொழிலாளியின் குரல் நம் காதில் விழவில்லை. பெருநிறுவனத்துக்கும் மூன்று இளைஞருக்கும் நடந்த சண்டை என்று காட்டிவிட்டால் இளைஞர் பக்கம் சாய்வது எளிது. தையற்காரரும் மின்பணியாளரும் பாடலாசிரியரும் எதிரே நின்றால் அவ்வளவு எளிதாகச் சாய முடியாது.

படத்துக்குள் இல்லாத மிகச் சிறந்த காட்சி, படம் வெளிவந்தபின் நிகழ்ந்தது. வணிக நோக்கமின்றி எவரும் படியெடுத்து வழங்கலாம் என்ற உரிமத்தோடு இயக்குநரே இதை இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார். ஆயினும், சில மாதங்களில் ஹாலிவுட் நிறுவனங்கள் சிலவற்றின் பெயரால் கூகுளுக்கு அனுப்பப்பட்ட நீக்கல் கோரிக்கைப் பட்டியல்களில் இந்தப் படத்தின் இணைப்புகளும் இடம்பெற்றன! இலட்சக்கணக்கில் குவியும் இப்பட்டியல்களைப் பெரும்பாலும் தானியங்கி நிரல்களே தயாரிக்கின்றன. எது திருட்டு, எது கொடை என்று நிரலுக்குத் தெரியாது.

இது எங்கோ சுவீடனில் நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. '3' என்ற தமிழ்ப் படத்தையும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்தையும் காக்க, 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதோர் மீதான தடையாணைகள் பெறப்பட்டன. இணைய நிறுவனங்கள் அந்த மே மாதத்தில் பைரேட் பேயை மட்டுமா அடைத்தன? ஆயிரக்கணக்கான கலைஞர்கள் தம் சொந்தப் படங்களை வைத்திருந்த விமியோ தளத்தையும் சேர்த்து அடைத்தன. குறிப்பிட்ட திருட்டுப் பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக 2,600க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்கும் ஆணைகள் அதே நீதிமன்றத்திலிருந்து வந்தபோது, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற பொது நூலகமும் அடைபட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் நினைவுக்கு வருகிறது.

அடைத்ததால் பூச்சி செத்ததா? அதுவும் இல்லை. தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வேறு வாசல் வழியே வருகின்றன. பயனரோ இலவச மறைவழிச் செயலிகளை நாடுகிறார். தம் இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து தப்பும் அவர், தாம் எங்கெங்கு செல்கிறார் என்ற விவரத்தை முகமறியாத ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காவற்காரனுக்கு அஞ்சி இன்னொருவன் வீட்டில் சாவியைக் கொடுத்த கதை.

ஆக, படைப்பாளியின் உரிமையும் பயனரின் அந்தரங்கமும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. இரண்டும் கண்மூடித்தனமான கருவிகளால் அடிபடுகின்றன. இந்த உண்மையின் வாசல் வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது படம். ஆயினும் அவசியம் பார்க்கத்தக்கது. இலவசமாகப் பார்க்கலாம்; குற்ற உணர்வின்றியும் பார்க்கலாம். பார்த்து முடித்தபின், திரையில் தோன்றாத அந்தக் கோடிப் பேரில் நாமும் ஒருவர் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.