எடிங்டனின் “விண்மீன்களின் அக அமைப்பு”: ஒரு திறனாய்வு

பொருள்களின் நிலை திண்மம், திரவம், வாயு என மூவகைப்படும் என்று பாடநூல் ஓரிடத்திற் கூறும். ஞாயிற்றின் ஒளிக்குக் காரணம் யாது என்பதைப் பிறிதோரிடத்திற் கூறும். இவ்விரு பாடங்களுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டென மாணவர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. விண்மீனின் உள்ளே பொருள் எந்நிலையில் இருக்கின்றது என்பதை அறியாமல், அது சத்தியை விளைவிக்கும் முறையை அறிதல் இயலாது. இவ்வுண்மையைத் தெளிவுற நிறுவிய பெருநூல், ஆதர் எடிங்டன் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட “விண்மீன்களின் அக அமைப்பு” என்பதாகும். அந்நூலின் பெருமை எங்குள்ளது, அதன் குறை எங்குள்ளது என்பதை இன்றைய அறிவு கொண்டு ஆராய்தல் பயனுடைத்து. ஏனெனில், பெருமையும் குறையும் ஒரே வினாவிலிருந்தே பிறந்தன.

நூல் தோன்றிய காலத்து நிலையை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஞாயிறு எரிகின்றது என்பது உலக வழக்கு. ஆயின், அது முழுவதும் நிலக்கரியாக இருந்து எரிந்திருப்பின், சில ஆயிரம் ஆண்டுகளில் அணைந்து போயிருக்கும். ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எல்ம்கோல்ற்சும் கெல்வினும் வேறொரு விளக்கம் கூறினர். ஞாயிறு தன் ஈர்ப்பினாற் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றது. அச்சுருக்கமே வெப்பமாக வெளிப்படுகின்றது என்பது அவர் கொள்கை. கணக்கு வழுவற்றது, ஆயினும் விடை போதியதன்று. இம்முறையிற் கிடைக்குஞ் சத்தி சில கோடி ஆண்டுகளுக்கே போதுமானது. புவியின் பாறைகளோ அதனினும் மிக நெடிய காலத்துக்குச் சான்று பகர்ந்தன. புவியினும் இளையதாக ஞாயிறு இருத்தல் கூடுமோ என்ற இடர்ப்பாட்டில் அறிஞர் உலகம் நின்றது.

இந்நிலையில் எடிங்டன் சத்தியின் ஊற்றை நேரே தேடவில்லை. பொருளின் நிலையையே முதலிற் கேட்டார். இதுவே நூலின் முறைச் சிறப்பு. ஞாயிற்றின் சராசரி அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இத்துணை அடர்ந்த பொருள் வாயுவைப்போல் ஒழுகாது என்றே பலரும் கருதியிருந்தனர். எடிங்டனும் ஐதான பெருவிண்மீன்களை மனத்திற்கொண்டே வாயு விதிகளைக் கையாண்டு, திணிவுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித்தார். 1924இல் அக்கணிப்பை நோக்குதலோடு ஒப்பிட்டபோது, அடர்ந்த விண்மீன்களும் அதே கோட்டில் அமைந்தமை கண்டு வியந்தார். வியப்போடு நில்லாமல் காரணமும் கண்டார்.

அக்காரணம் எளியது. அணுவின் பருமன் அதன் கருவினால் அமைவதன்று. கருவைச் சூழ்ந்துள்ள இலத்திரன்களால் அமைவது. கருவோ அணுவின் விட்டத்திற் பல்லாயிரத்தில் ஒரு கூறே. தேர்த்திருவிழாவில் எல்லோரும் குடை விரித்து நின்றால், வீதி விரைவில் அடைபட்டுவிடும். குடைகளை மடக்கிவிட்டால், அவ்வீதியிலேயே பன்மடங்கு மக்கள் தடையின்றி நடமாடுவர். விண்மீனின் உள்ளே நிலவும் பெருவெப்பம் அணுக்களின் இலத்திரன்களைக் களைந்துவிடுகின்றது. எஞ்சிய கருக்களும் விடுபட்ட இலத்திரன்களும் நீரினும் ஈயத்தினும் அடர்த்தியாக நெருங்கிய போதும், அவற்றிடையே வெற்றிடம் மிகுதி. ஆதலின் அவை வாயுவின் விதிகளுக்கு அமைந்தே ஒழுகும். பிற்காலத்தார் பொருளின் நான்காம் நிலை என்று கூறும் பிளாசுமா இதுவேயாம். ஞாயிற்றின் நடுவே அடர்த்தி நீரினும் ஏறத்தாழ 150 மடங்கென இன்று கணக்கிடப்படுகின்றது. ஆயினும் அங்குள்ளது திண்மமுமன்று, திரவமுமன்று.

நிலையை இவ்வாறு துணிந்த பின்னரே நூல் சத்தியின் ஊற்றை ஆராய்கின்றது. ஈலிய அணுவின் திணிவு நான்கு ஐதரசன் அணுக்களின் கூட்டுத் திணிவினும் சிறிது குறைந்தது என்பது ஆஸ்ரனின் நுண்ணிய அளவீடுகளாற் புலனாயிற்று. ஐதரசன் ஈலியமாகும்போது ஏறத்தாழ 0.7 வீதத் திணிவு சத்தியாக மாறும். விண்மீன்களின் ஒளிக்கு இதுவே மூலமாகலாம் என்று எடிங்டன் 1920இலேயே கார்டிவ் நகரில் நிகழ்ந்த பிரித்தானிய விஞ்ஞானக் கழகக் கூட்டத்திற் கூறியிருந்தார். இன்றைய கணக்கின்படி ஞாயிற்றில் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாகின்றது. அதில் 40 இலட்சம் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட திணிவு சத்தியாகின்றது. இவ்வாறு செலவிட்டும், ஞாயிறு மொத்தம் ஆயிரங்கோடி ஆண்டு வரை நிலைபெற வல்லது. அதன் இன்றைய வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு.

நூலுக்கு எழுந்த எதிர்ப்பும் கருதத்தக்கது. விண்மீன்களின் வெப்பம் ஐதரசன் கருக்களை இணைக்கப் போதாது என்றனர் சிலர். நேரேற்றம் கொண்ட இரு கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அத்தடையைக் கடக்க மேலும் பன்மடங்கு வெப்பம் வேண்டும் என்பது அவர் வாதம். பழைய பௌதிகத்தின்படி அவ்வாதம் சரியே. எடிங்டனோ தம் முடிபிலிருந்து பிறழவில்லை. 1928இல் காமோவ் முதலியோர், கருவின் தடையை ஏறிக் கடவாமலே துணிக்கை ஊடுருவுதல் கூடும் எனக் காட்டினர். 1929இல் அற்கின்சனும் ஔற்றர்மான்சும் அதனை விண்மீன்களுக்குப் பொருத்தினர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் பெதே கரு இணைவின் படிகளை வகுத்தளித்தார். எடிங்டனின் உறுதி இவ்வாறு மெய்யாயிற்று.

ஜேம்ஸ் ஜீன்ஸ் எழுப்பிய எதிர்ப்பு இன்னும் ஆழமானது. வாயுக்கோளம் தன்னுட் சத்தியை விளைவித்துக்கொண்டு நிலைபெற இயலாது. ஆதலின் விண்மீனின் உள்ளகம் திரவத்தை ஒத்ததாதல் வேண்டும் என்றார் அவர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஞாயிற்றின் நடுவில் இணைவு சிறிது மிகுந்தால் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் அமுக்கம் ஏறும், அமுக்கத்தால் நடுப்பகுதி விரியும், விரிந்தாற் குளிரும், குளிர்ந்தால் இணைவு தணியும். வாயுவாயிருத்தலே விளக்கின் திரியை அளவாக வைக்கின்றது. அதனாலன்றோ ஞாயிறு வெடிகுண்டாகாமல் விளக்காக நிற்கின்றது. நிறைக்கு நிறை ஒப்பிடின், மனித உடல் வெளிவிடும் வெப்பம் ஞாயிறு வெளிவிடுவதினும் சில ஆயிரம் மடங்கு மிகுதி. ஞாயிற்றின் பேரொளி அதன் வேகத்தால் வந்ததன்று, பருமையால் வந்தது.

இனி, நூலின் குறைகள். விண்மீன்கள் புவியைப்போலப் பெரும்பாலும் இரும்பு முதலிய கன மூலகங்களால் ஆனவை என்னும் அக்காலக் கருத்தை எடிங்டன் ஏற்றுக்கொண்டார். அதனால் ஞாயிற்றின் நடு வெப்பநிலை ஏறத்தாழ 4 கோடி பாகை என்னும் முடிபு பெறப்பட்டது. மெய்யான அளவு 1 கோடியே 50 இலட்சம் பாகையளவே. விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஐதரசனே மிகுதி என்று செசிலியா பெயின் 1925இலேயே கண்டிருந்தார். அதனை நம்பத்தகாதெனக் கூறிய ரசல், 1929இல் தாமே அதனை ஏற்க நேர்ந்தது. எடிங்டன் 1932இல் ஐதரசனின் மிகுதியை ஒப்புக்கொண்டார். மேலும், ஐதரசனின் இணைவா, அன்றிப் புரோத்தனும் இலத்திரனும் ஒன்றையொன்று அழித்தலா சத்தியின் ஊற்று என்பதையும் நூல் அறுதியிட்டுக் கூறவில்லை. இவை காலத்தின் குறைகள். ஆசிரியரின் குறைகள் எனல் நீதியன்று.

மற்றொரு குறையோ அத்தகையதன்று. ஞாயிற்றின் திணிவைப் புவியளவான பருமனில் அடக்கிய வெண்குள்ளன்களைப் பற்றி நூல் ஒரு நுண்ணிய வினாவை எழுப்பிற்று. இத்துணை நெருக்குண்ட விண்மீன் குளிர்ந்தால், அதன் அணுக்கள் மீண்டும் இலத்திரன்களைச் சூடிப் பழைய பருமனுக்கு விரிதல் வேண்டும்; விரிவதற்கோ அதனிடம் சத்தி இல்லை. அவ்வாண்டிலேயே பௌலர் விடை கண்டார். நெருக்குண்ட இலத்திரன்கள், குளிர்ந்த போதும் குன்றாத அமுக்கத்தைத் தரும் ஒரு புதிய நிலையை அடைகின்றன என்பது அவ்விடை. 1930இல், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்நிலைக்கும் ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவை அவ்வமுக்கந் தாங்காது. 1935 ஜனவரி 11ஆம் நாள் அரச வானியற் கழகத்தில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, எடிங்டன் எழுந்து அதனை எள்ளி மறுத்தார். தாங்கப்படாத விண்மீன் முடிவின்றிச் சுருங்க நேரும். இயற்கை அதற்கு இடந்தராது என்பதே அவர் துணிபு. தம் கணக்கு ஏற்கப்படாத இடத்திலெல்லாம் கணக்கையே நம்பியவர், இங்கு மட்டும் விருப்பத்தை நம்பினார்.

இதனால் இழந்தது ஒரு சூத்திரம் மட்டுமன்று. அச்செறிநிலையில் அமுக்கம் வெப்பத்தைப் பொறுத்ததன்று. அங்கே இணைவு தொடங்கினால், வெப்பம் ஏறியும் விண்மீன் விரியாது, விரியாமையால் குளிராது, இணைவு மேலும் மேலும் மூளும். துணைவிண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று எல்லையை அணுகும் வெண்குள்ளன் ஒன்று முற்றாக வெடித்துச் சிதறுதல் இதனாலேயாம். ஒரே இணைவு வாயுநிலையில் விளக்கு, செறிநிலையில் வெடி. பொருளின் நிலையே சத்தியின் ஒழுக்கத்தை விதிக்கின்றது என்னும் எடிங்டனின் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. அச்சான்றையே அவர் புறந்தள்ளினார்.

நூலின் அடிப்படை இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஞாயிற்றின் நடுவிலிருந்து நேரே வரும் நியூத்திரினோக்கள் அளக்கப்பட்டு, இணைவு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அவர் அதற்கு முந்திய ஆண்டில், எடிங்டனின் நூற்றாண்டு விழாச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்சில் நிகழ்த்தி, அவரைத் தம் காலத்து வானியற்பௌதிகருள் தலைசிறந்தவரெனப் போற்றினார். அவர்தம் பிழையையும் மறையாது உரைத்தார். குணம் நாடிக் குற்றமும் நாடி மிகை நாடும் முறை அதுவே. “விண்மீன்களின் அக அமைப்பு” என்னும் நூலைப் பயில்வோர் அதன் விடைகளிற் பலவற்றைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அதன் முதல் வினாவை மட்டும் திருத்த வேண்டியதில்லை. அவ்வினாவை எடிங்டன் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டுசெல்லுதலே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.