மந்திரமும் மொழியும்: யாழ்ப்பாணத்துச் சிவயோக மரபில் வடமொழியின் இடம்

யோக நெறிக்கு உரிய மொழி வடமொழி ஒன்றே என்னும் கருத்து அண்மைக் காலத்தில் நம்மிடையே புதுவலுப் பெற்றுள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசெம்பரில் யூன் 21ஆந் திகதியைச் சர்வதேச யோக தினமாகப் பிரகடனஞ் செய்த பின்னர், மண்டபங்களிலும் மைதானங்களிலும் நடைபெறும் பயிற்சிகளில் ஆசனங்களின் பெயர்களும் தொடக்கத்து மந்திரங்களும் வடமொழியிலேயே ஒலிக்கக் கேட்கின்றோம். இதில் வியப்பொன்றுமில்லை. யோகநூல்களுட் பெரும்பாலன அம்மொழியிலேயே எழுந்தன. வியப்புக்குரியது, அதற்கு மேலாகக் கூறப்படும் காரணமே. வடமொழி ஒலிகள் தம் இயல்பினாலேயே உடலினுள் அமைந்த ஆதாரங்களை எழுப்பவல்லன என்றும், பிறமொழி ஒலிகளுக்கு அவ்வாற்றல் இல்லை என்றும், பொருள் அறியாவிடினும் ஒலித்தால் அமையும் என்றுங் கூறுகின்றனர். இதனை மறுக்கப் புகுந்தோர் சிலரோ, பிராணாயாமம், தாரணை முதலிய சொற்களையும் களைந்தெறிந்து தனித்தமிழ் யோகம் ஒன்றைக் காண முயல்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒன்றுபடுவர். மந்திரத்தின் ஆற்றல் அதன் மொழியிலேயே தங்கியுள்ளது என்பது இருவர்க்கும் உடன்பாடு. நம் நாட்டுச் சிவயோக மரபு இதனை எவ்வாறு நோக்கியது என்பதை ஆராய்வார் அருகியே காணப்படுகின்றனர்.

ஒலிக்கொள்கையின் வலிமையை முதலிற் காண்போம். சேர் ஜோன் வூட்றொவ் 1919இல் வெளியிட்ட குண்டலினி பற்றிய ஆங்கில நூல் வழியாக இக்கொள்கை உலகெங்கும் பரவிற்று. மூலாதாரத் தாமரைக்கு இதழ் 4, சுவாதிட்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆஞ்ஞைக்கு 2. கூட்டின் 50. வடமொழி நெடுங்கணக்கின் எழுத்துக்கள் இவ்வைம்பது இதழ்களிலும் ஒவ்வொன்றாக அமர்கின்றன. உயிரெழுத்துக்கள் யாவும் கண்டத்திலுள்ள விசுத்தியில் அமைவது அழகிய பொருத்தமே. தமிழுக்கோ முதலெழுத்து முப்பது. வருக்க எழுத்துக்களும் விசர்க்கமும் இல்லாத நெடுங்கணக்கைக் கொண்டு ஐம்பது இதழ்களை நிரப்புதல் இயலாது. எனவே தமிழில் ஓதுவோனுக்கு ஆதார யோகம் முழுமையாகக் கைகூடாது என்பது இக்கொள்கையினின்றும் தானே பெறப்படும் முடிபு.

இவ்வாதம் தமிழ்ச் சைவர்க்குப் புதியதன்று. திருமூலர் இதனை நன்கறிவார். மூன்றாந் தந்திரத்தில் இயமம் முதற் சமாதி ஈறாக எட்டுறுப்புக்களையும் வடமொழிப் பெயராலேயே வழங்கி, இடநாசியாற் பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32 எனத் தமிழ்ச் செய்யுளில் வரையறுத்தவர் அவர். அவரே நான்காந் தந்திரத்தில் ஐம்பதெழுத்தின் பெருமையை எடுத்துரைக்கின்றார். வேதங்கள் யாவும் ஐம்பதெழுத்தே, ஆகமங்கள் யாவும் ஐம்பதெழுத்தே என்று கூறி, அவற்றின் பயனை அறிந்த பின்னர் அவ்வைம்பதும் போய் ஐந்தெழுத்து மாத்திரம் எஞ்சும் என முடிக்கின்றார். இம்முடிபு பெரிதும் ஊன்றி நோக்கற்பாலது. ஐம்பது பொய் என்று அவர் கூறவில்லை. ஐம்பது போதாது என்றுங் கூறவில்லை. அது வழியில் உள்ளதோர் இடம் என்கின்றார். பிறிதோரிடத்து, இறைவன் ஆரியமுந் தமிழும் ஒருங்கே கூறி உமையம்மைக்கு அருளினான் என்கின்றார். மொழிகளுள் மூத்தது எது என்னும் வழக்குக்கே அவர் இடம் வைக்கவில்லை.

தொல்காப்பியரிடத்து இதற்கு இன்னும் பழைய சான்றொன்று உண்டு. பிறப்பியலின் இறுதியில், அகத்தே எழும் வளியின் இசையை நாடி அளந்து கொள்ளுதல் அந்தணர் மறையின்கண் உள்ளது என்றும், அதனைத் தாம் ஈண்டுக் கூறாது, புறத்தே வந்து ஒலித்துப் பொருள் தெரிவிக்கும் வளியிசையின் அளவையே கூறியதாகவும் அவர் குறிப்பிடுகின்றார். தமிழ் இலக்கண நூலார் உள்ளொலியின் இயலை மறைநூலார்க்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இதனைக் கொண்டு வாதிப்போர் உளர். ஆயின் அதே ஆசிரியர் செய்யுளியலில் மந்திரத்துக்கு இலக்கணங் கூறுங்கால், நிறைமொழி மாந்தர் தம் ஆணையாற் கூறிய மறைபொருட் கூற்றே மந்திரம் என்கின்றார். மொழி இன்னதென அங்கு விதி இல்லை. கூறுவோனின் நிறைவும் ஆணையுமே விதி. இவ்விரு நூற்பாக்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்றை மாத்திரம் எடுத்துப் படிப்பது இரு கட்சியார்க்கும் வழக்கமாகிவிட்டது.

மெய்கண்ட சாத்திரங்களுக்கு வருவோம். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் மறுக்கும் பதினால்வருள் ஒருவன் சத்தப்பிரமவாதி. ஒலியே பரம்பொருள், சொல்லே முடிவான உண்மை என்பது அவன் கொள்கை. ஒலியின் இயல்பே மோட்சந் தரும் எனக் கூறும் இற்றைநாள் யோகாசிரியர் அறிந்தோ அறியாமலோ அவன் வரிசையிலேயே நிற்கின்றார். சுபக்கத்தின் முதற் சூத்திரத்திலோ வாக்கு நால்வகையாகக் கூறப்படுகின்றது. செவியிற் கேட்பது வைகரி. வெளியே ஒலியாது உள்ளே எழுத்துமுறை பிறழாது ஓடுவது மத்திமை. மயிலின் முட்டையிலுள்ள நீரிற் பல நிறங்களும் பிரியாது அடங்கிக் கிடத்தல்போல, எழுத்து வேறுபாடு தோன்றாது அடங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் அப்பாலது சூக்குமை. மந்திர செபமும் இவ்வழியே உள்நோக்கிச் செல்கின்றது: வாயால் ஓதுதல், உதட்டளவில் ஓதுதல், மனத்தால் எண்ணுதல் என்பன அதன் படிகள். அவ்வாறாயின் வடமொழி தமிழ் என்னும் வேறுபாடு எவ்விடத்து நிலைக்கும்? வைகரியில் நிலைக்கும், மத்திமையில் ஓரளவு நிலைக்கும். முட்டை நீரிலே நிறத்தைத் தேடுவார் யார்?

இதற்கு மாறாக ஒருவர் எழுப்பக்கூடிய தடை வலியது. அதனை மறைத்தல் நேர்மையன்று. நிருவாண தீட்சையில் சோதிக்கப்படும் ஆறு அத்துவாக்களுள் வன்னம் 51 என்பது வடமொழி எழுத்துக்களையே குறிக்கும். ஆகவே சித்தாந்தமும் அவ்வெழுத்துக்களுக்குத் தனியிடம் அளிக்கின்றதே எனலாம். அளிக்கின்றது என்பது உண்மையே. ஆயின் எத்தகைய இடம்? மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5 ஆகிய இவையாவும் வினை ஈட்டப்படும் வழிகளாய், குருவினாற் சுத்தி செய்யப்படுவன. உயிரைக் கட்டியுள்ள வழிகளின் கணக்கிலே எழுத்துக்களும் வைத்து எண்ணப்பட்டுள்ளன. கழுவப்படவேண்டிய ஒன்றையே கழுவும் நீராகக் கொள்வது சாத்திரத்துக்கு ஒத்ததன்று.

ஐந்தெழுத்தை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை கைமேற் கனியாகின்றது. அது யசுர்வேதத்து உருத்திர மந்திரத்தின் நடுவே உள்ளது, மூலம் வடமொழியே. வடமொழி இலக்கணப்படி ‘நம:’ வணக்கம். ‘சிவாய’ நான்காம் வேற்றுமை, சிவனுக்கு என்பது பொருள். சம்பந்தரின் பதிகத்திற் காணப்படும் நமச்சிவாய என்னும் வடிவிலுள்ள சகர ஒற்றுங்கூட விசர்க்கம் சகரத்தோடு புணர்ந்த வடமொழிப் புணர்ச்சியின் சுவடே. தமிழ் ஒற்று மிகுதல் என்று வகுப்பறையில் நாம் எளிதாகக் கூறிச் செல்வதுண்டு. இனி உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஐந்தெழுத்தருணிலை கூறும் முறையைப் பாருங்கள். சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம், மகரம் மலம். சிவாய என்பதில் ‘ய’ வேற்றுமை உருபின் பகுதி. அவ்வுருபைப் பிரித்தெடுத்து உயிர் என்று பெயரிட்டு, ஒருபுறம் அருளும் மறுபுறம் மறைப்பும் நிற்க நடுவில் அவ்வுயிரை நிறுத்தும் இவ்விளக்கத்தைப் பாணினியின் மாணவன் ஒருவனும் ஒப்பமாட்டான். எனினும் யோகிக்குப் பயன்படும் பொருள் இதுவே. மந்திரம் வடமொழியினின்றும் வந்தது. தியானிக்கப்படும் பொருளோ அம்மொழியின் இலக்கணத்தைக் கடந்து நிற்பது. ஒலி மாத்திரமே போதும் என்பார்க்கும், வடமொழியே வேண்டாம் என்பார்க்கும் இவ்வைந்தெழுத்து இடந்தருவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியே ஞானப்பிரகாச முனிவரின் ஊர். போர்த்துக்கேயர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசுக் கொடுக்க வேண்டுமென்ற கட்டளைக்கு அஞ்சி, தம் முறை வருமுன் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. வடநாடு சென்று வடமொழி கற்றுத் துறவுபூண்டு சிதம்பரத்தில் வாழ்ந்தார். அங்குள்ள ஞானப்பிரகாசந் திருக்குளம் இன்றும் அவர் பெயர் கூறும். சிவஞானசித்தியாருக்கு உரைசெய்த அறுவருள் அவரும் ஒருவர். யோகத்தைப் பற்றி எழுதப் புகுந்தபோது அவர் தெரிந்துகொண்டது வடமொழியையே. சிவயோகசாரம், சிவயோகரத்தினம் என்பன அந்நூல்கள். பின்னையதைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1975இற் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தது. வடமொழி அவருக்கு அளித்த பயன் இதனாற் புலனாகும். தமிழ் அறியாத தேயத்தாரோடு ஒரு யாழ்ப்பாணத்தவர் சிவயோகம் பற்றி உரையாடும் வாயிலை அது திறந்தது. ஆயின் இதே வடமொழிப் பயிற்சியே அவர்தம் தமிழுரையைக் கனக்கச் செய்தது. தருக்க முறையும் ஆகம மேற்கோளும் செறிந்த அவ்வுரையின் சிவசமவாதத்தைப் பிற்காலத்தே சிவஞான முனிவர் தனிநூல் எழுதி மறுத்தார். அம்மறுப்பு கொள்கை பற்றியது, மொழி பற்றியதன்று. சிவஞான முனிவரும் இருமொழிப் புலவரே. வடமொழி நிரம்பக் கற்ற இருவர் வடமொழி ஆகமங்களை நடுவே வைத்து முத்திநிலை பற்றி முரண்பட்டனர் என்னும் செய்தி, அம்மொழி தானே ஞானந் தரும் என்பார் சிந்திக்கவேண்டியது.

வடமொழியை விலக்குவோர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும. சிவஞானபோதத்தின் ஒன்பதாஞ் சூத்திரம் பற்றி நடந்த வகுப்பொன்றில், சோகம்பாவனை என்னுந் தொடரை ஒரு மாணவர் துயரத்தை எண்ணும் பாவனை எனப் பொருள்கொண்டமை நினைவிருக்கின்றது. நகைத்தோரும் இருந்தனர். குற்றம் அவரதன்று. ‘அவன் நான்’ எனப் பொருள்படும் வடமொழித் தொடர் தமிழெழுத்தில் அழுகையாகிவிடுகின்றது. அத்தொடரை விளக்கும் கருடபாவனை உவமையை அறிந்தவர்க்கு இடர் இல்லை. விடந்தீர்க்கும் மாந்திரிகன் தான் கருடனாகவே நின்று நோக்குகின்றான். விடம் நீங்குவது அந்நிலையினாலேயே, கருடன் என்ற சொல்லின் ஓசையினாலன்று. இதனை உணர்தற்கு அவ்வடமொழிச் சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். 1921இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட சங்கத்துக்கு ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் என்று பெயரிட்டோர் இத்தேவையை உணர்ந்தோராவர். அத்தலைமுறையின் பண்டிதர்க்கு இரு மொழியும் இரு கண். இன்று ஒரு கண்ணை மூடிக்கொள்வதே கொள்கைப்பற்று எனக் கருதப்படுகின்றது.

எனினும் நம் சமூகத்தில் மந்திரத்தின் மொழி பற்றிய வினா வெறும் ஒலிநூல் வினாவாக ஒருபோதும் இருந்ததில்லை. வடமொழி கற்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது, தீட்சை யாருக்கு எந்த அளவில் வழங்கப்பட்டது, கோயில் வாயிலை யார் கடக்கலாம் என்பன அதனோடு பின்னிப் பிணைந்தவை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் நம் நினைவினின்றும் அகலாதது. வடமொழி ஒலியாலன்றி யோகம் கைகூடாது என்று கூறுவோர், தலைமுறை தலைமுறையாக அவ்வொலி மறுக்கப்பட்டவர்களை நோக்கி யோகமும் உங்களுக்கு இல்லை என்றே கூறுகின்றனர். இதன் கொடுமை பலர் கருத்திற் படுவதில்லை.

அதே மாவிட்டபுரத்தில் 1872இற் பிறந்தவர் யோகர் சுவாமிகள். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்திற் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றி, நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் குருவாகப் பெற்று, கொழும்புத்துறைக் கொட்டிலில் வாழ்ந்து 1964இற் சமாதியடைந்தார். செல்லப்பர் சாத்திரம் ஓதவில்லை. தேரடியிற் போவோர் வருவோரை ஏசியும் தம்முட் பேசியும் இருந்தவர், ஊரார் பலர்க்கு ‘விசர்ச் செல்லப்பர்’. அவர் வாயிலிருந்து வந்த நான்கு கூற்றுக்களை இம்மரபினர் மகாவாக்கியங்கள் என்பர். ஒரு பொல்லாப்புமில்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. மகாவாக்கியம் என்பது உபநிடதங்களின் நான்கு பெருந்தொடர்களுக்கு வழங்கும் வடமொழிப் பெயர். அப்பெயரைச் சூடி நிற்பனவோ யாழ்ப்பாணத்து முற்றத்திலும் சந்தையிலும் வழங்கும் பேச்சு. ‘எப்பவோ’ என்பதை இலக்கணப் புலவர் ‘எப்பொழுதோ’ எனத் திருத்தியிருப்பர். திருத்தியிருந்தால் அது மந்திரமாக நின்றிராது. தொல்காப்பியர் கூறிய நிறைமொழியும் ஆணையும் ஓர் ஊரின் கொச்சை வழக்கில் வந்திறங்குதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

இதனைக் கொண்டு யோகரைத் தனித்தமிழாளர் ஆக்குதலும் பொருந்தாது. 1935இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ இதழிலும் நற்சிந்தனைப் பாடல்களிலும் வடசொற்கள் கூச்சமின்றி வருகின்றன. பண்ணோடமைந்த பாட்டும் பேச்சுவழக்கும் அவற்றோடு கலந்தே வருகின்றன. எது எங்கிருந்து வந்தது என்று அவர் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை. அந்நான்கு மகாவாக்கியங்களிலேயே ‘காரியம்’ வடசொல். ‘பொல்லாப்பு’ தமிழ். தேரடியில் நின்று கேட்டவர்களுள் எவரும் அதனைப் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்.