வளைவு யாருடைய கையை அளக்கிறது?

1936இல் பொறியாளர் டி. பி. ரைட் விமான உற்பத்திக் கணக்குகளிலிருந்து ஒரு விதியை எடுத்துச் சொன்னார்: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கு வேண்டிய உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. இதற்குக் ‘கற்றல் வளைவு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த வளைவை நம்புகிறேன். அதன் பெயரை நம்பத் தயங்குகிறேன்.

இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள். 1941 முதல் 1945 வரை 2,710 கப்பல்கள், எல்லாம் ஒரே அடிப்படை வரைபடத்தில். முதல் கப்பலுக்கு எட்டு மாதம் பிடித்தது. பிறகு சராசரி ஆறு வாரத்தருகே வந்தது. கப்பல் தளத்தில் அதற்குமுன் கால் வைத்திராத ஆண்களும் பெண்களும் வெல்டிங் பிடித்துச் செய்த வேலை அது. ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பல் 4 நாள் 15 மணி நேரத்தில் தண்ணீரில் இறங்கியதை மட்டும் ஒதுக்கிவிடலாம். பெரும் பகுதிகளை முன்பே செய்து அடுக்கிவைத்து நடத்திய சாதனை ஓட்டம் அது.

2001இல் பொருளியலாளர் பீட்டர் தாம்சன் இந்தத் தளங்களின் பழைய ஆவணங்களைத் துழாவியபோது, முந்தைய ஆய்வுகள் கணக்கில் சேர்க்காத ஒன்று வெளிப்பட்டது. அதே காலத்தில் தளங்களுக்குள் புதிய இயந்திரங்களும் வசதிகளும் வந்துகொண்டே இருந்தன. கற்றலின் பெயரில் எழுதிய வேகத்தில் பெரும்பங்கு மூலதனத்துடையது. ஓரளவு, தரம் இறங்கியதால் வந்தது. பல கப்பல்களின் உடலில் விரிசல் கண்டது. அதற்காக வெல்டரை மட்டும் குற்றம் சொல்வதும் தவறு: குளிரில் அந்த எஃகே நொறுங்கும் தன்மை அடைந்ததைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார்.

அப்படியானால் கற்றலே இல்லையா? உண்டு. சுவீடனின் ஹோர்ண்டால் எஃகாலையில் பெரிய முதலீடு ஏதும் இல்லாமலே 15 ஆண்டுகள், ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் உற்பத்தித்திறன் ஏறியது. ஆனால் அந்த அறிவு எங்கே தங்குகிறது? ஆய்வாளர் லிண்டா ஆர்கோட்டும் சகாக்களும் 1990இல் லிபர்ட்டித் தளங்களையே ஆராய்ந்து, சேர்ந்த அறிவு விரைவில் தேய்வதைக் கண்டார்கள். ஆட்கள் மாறுவதைக் கொண்டு அந்தத் தேய்மானத்தை விளக்க முடியவில்லை. அறிவு தனி ஆளின் கையில் மட்டும் இருந்திருந்தால் ஆள் போகும்போது அதுவும் போயிருக்கும். வேலையைப் பிரித்த விதம், பொருள் வந்து சேரும் வரிசை, மேற்பார்வை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு: ஒரு தளம் அடுத்த நூறு கப்பலுக்கு எத்தனை ஆள்மணி வேண்டும் என்று திட்டமிட இந்த வளைவு உதவும். அதே வளைவைத் தனித் தொழிலாளியின் தினசரி இலக்காக்கி, எட்டாதவரின் கூலியில் கைவைப்பதற்கு இந்தச் சான்றுகளில் ஆதாரமே இல்லை.